பழைய லென்ஸில் விழுந்த முகம்

திங்கட்கிழமை காலையில் என்னிடம் யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கல்யாண மண்டபங்களில் நின்றே கழிந்திருக்கும். இடுப்பு தனியாக, முழங்கால் தனியாக, நான் தனியாக எழுந்து வருவோம். மனைவி கோப்பியை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அப்புறம் நானும் கணினியும் மட்டும்தான்.

திரையில் ஒரு மணப்பெண் இருப்பாள். நல்ல கறுப்பு, நல்ல சிரிப்பு. பக்கத்தில் கைப்பேசி கிடக்கும், அதில் அவளுடைய அம்மாவின் குரல் காத்திருக்கும்: "அண்ணே, படம்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு. பாப்பாக்கு மட்டும் கொஞ்சம் கலர் ஏத்திடுங்கலா."

ஈப்போவானாலும் தைப்பிங்கானாலும் இந்த வேண்டுகோள் வராத கல்யாணம் அபூர்வம். மாப்பிள்ளைக்கு யாரும் கேட்பதில்லை. அவன் எப்படி இருந்தாலும் ராஜாதான். பெண்ணுக்கு மட்டும் கன்னம், நெற்றி, கழுத்து, கை என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து வெளுக்க வேண்டும். கழுத்தை மறந்துவிட்டால் தலை ஒருத்தியுடையது, உடம்பு இன்னொருத்தியுடையது என்று ஆகிவிடும். இத்தனை வருடத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட பெரிய ஞானம் கழுத்தை மறக்கக் கூடாது என்பதுதானா என்று நினைக்கும்போது சிரிப்பு வரும், எரிச்சலும் வரும். இரண்டும் வந்த பிறகு வேலையைச் செய்து அனுப்பிவிடுவேன்.

இந்த எரிச்சலுக்கு மருந்தாகத்தான் பழைய லென்ஸ்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. கல்யாணத்துக்கு நான் எடுத்துப்போகும் லென்ஸ் புதியது. தானே முகத்தைத் தேடும், தானே கண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஒரு முடி விடாமல் காட்டும். அதில் எனக்கு வேலையே இல்லை. பழைய லென்ஸ் அப்படி இல்லை. இடையில் ஒரு வளையத்தைப் போட்டால்தான் இன்றைய கேமராவில் உட்காரும். ஃபோகஸை விரலால் திருக வேண்டும். வெளிச்சம் எதிரே வந்துவிட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆகும். ஓரங்கள் குழைந்து போகும். இந்தக் குறைகளுக்காகத்தான் அவற்றை வாங்குகிறேன் என்று ஒருமுறை மனைவியிடம் விளக்கினேன். "கொற வேணும்னா என்கிட்ட கேளுங்களேன், உங்களுக்கு நானே சொல்றேன்" என்றாள்.

கல்யாணம் இல்லாத ஞாயிறுகளில் பழைய டவுன் பக்கம் கூடும் காலைச் சந்தைக்குப் போவேன். துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டி, நின்றுபோன கைக்கடிகாரம், யாரோ வீட்டுப் பீங்கான் தட்டு, இவற்றுக்கு நடுவில் லென்ஸ் கிடக்கும். கையில் எடுத்து வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தால் பாதிக்கு மேல் பூஞ்சை தெரியும். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடிக்குள்ளும் வேர் ஓடும். அப்படித்தான் ஒருநாள் ஒரு ஜப்பான் லென்ஸ் கையில் சிக்கியது. பூஞ்சை இல்லை, ஆனால் கண்ணாடி முழுக்கத் தேயிலைச் சாயம்போல் மஞ்சள்.

"அது வேணாம் பாஸ், குனிங் ஆயிருச்சி. நல்லதா வேற எடுலா" என்றார் கடை போட்டிருந்த சீனர். மஞ்சளுக்கு மலாயில் குனிங். அவர் தமிழர்களோடு வியாபாரம் செய்தே பழகியவர். வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லும் பொருளை வாங்கும் குணம் எனக்கு உண்டு. அந்தக் காலத்துக் கண்ணாடியில் சேர்த்த ஏதோ ஒன்றால் வயதாக ஆக இப்படிப் பழுத்துவிடும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வாங்கி வந்தேன்.

அதற்கு முன்பே என்னிடம் ஒரு ரஷ்ய லென்ஸ் இருந்தது. கனத்த இரும்புக் குண்டு. அது நடுவில் இருப்பதை மட்டும் சுத்தமாகக் காட்டும், ஓரத்தில் இருக்கிற இலை, சுவர், ஆள் எல்லாவற்றையும் வட்டமாகச் சுழற்றிவிடும். இந்தச் சுழலுக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பான்காரனுக்கும் ரஷ்யாக்காரனுக்கும் ஒரு விஷயத்தில் ஆகாது. கிட்டத்தில் இருப்பவரைத் தெளிவாக்க ஒன்றை வலது பக்கம் திருக வேண்டும், மற்றதை இடது பக்கம். மனசு இதை ஞாபகம் வைத்திருக்கும், விரல் மறந்துவிடும். பின்னால் இது வேலையைக் காட்டப்போவதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

என் அக்கா மகளுக்கு, எனக்கு மருமகள் முறை, முப்பது தாண்டிவிட்டது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு அழகு நிலையத்தில் இடம் எடுத்து நகம், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் எல்லாம் செய்கிறாள். பல கல்யாணங்களில் நானும் அவளும் ஒரே பெண்ணைத்தான் கவனித்துக்கொண்டிருப்போம். விடியற்காலையில் அவள் பூசி வெளுப்பாள், திங்கட்கிழமை நான் தேய்த்து வெளுப்பேன். அக்காவுக்கு இவள் ஒரே மகள். அத்தான் இறந்த பிறகு, கையுறைத் தொழிற்சாலை கேண்டீனில் சமைத்தே அக்கா அவளை வளர்த்து ஆளாக்கினாள். மகளுக்கு ஒரு கல்யாணம் ஆகிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு. தூக்கத்திலும் அதைத்தான் பேசுவாள் என்று மகள் கேலி செய்வாள்.

அதற்குள் இரண்டு குடும்பங்கள் பெண் பார்க்க வந்து போயிருந்தன. இரண்டு முறையும் கல்யாணத் தரகர் அம்மாவுக்கு அனுப்பிய படத்தில் அக்கா கைப்பேசியிலேயே மகள் முகத்தை வெளுத்திருந்தாள். பாரிட் புந்தாரிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். டீயில் வாய்கூட வைக்காமல் வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று எழுந்துவிட்டார்கள். அன்றைக்கு வெயிலே இல்லை, மழை மூட்டம்.

ஒருநாள் கல்யாணம் முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் இருவரும் வாழை இலையில் ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் அதைச் சொன்னாள்.

"மாமா, தட்ட எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வருவேன்ல. அவங்க நிமிந்து பாப்பாங்க. சிரிச்சிக்கிட்டேதான் இருப்பாங்க. சிரிப்பு அப்படியே இருக்கும், மூஞ்சி மட்டும் மாறிடும். ஒரு செகண்டுதான். கல்யாணம் ஆவுதோ இல்லியோ, எனக்கு அந்த ஒரு செகண்டு வேணாம் மாமா. நான் இருக்குற மாதிரியே ஒரு படம் எடுத்துக் குடுங்க. அதப் பாத்துட்டு வர்றவங்க வரட்டும்."

கல்யாண வயதில் தாய்மாமனிடம் நகை கேட்பார்கள், பட்டுச் சேலை கேட்பார்கள். இவள் கேட்டது இவ்வளவுதான். மோர் மிளகாய் காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

அக்கா குடியிருக்கும் தாமான், அந்த வீடமைப்புப் பகுதி, முன்பு ரப்பர் தோட்டம். மரத்தை வெட்டி வீடு கட்டி விற்றுவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் யாருக்கும் வேண்டாத சரிவில் மட்டும் கொஞ்சம் ரப்பர்ப் பால் மரங்கள் நிற்கின்றன. பால் மரத்தைப் பார்த்து உருகும் ஜாதி நானில்லை, அங்கே கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் காலை வெயில் அந்த இலைகளுக்குள் புகுந்து விழும் இடத்தில் பழைய லென்ஸுக்கு நல்ல வேலை இருக்கிறது. மஞ்சள் லென்ஸைப் பொருத்தி அவளை நிற்க வைத்து எடுத்தேன். அவள் ஒரு கையால் கொசு அடித்துக்கொண்டே நின்றாள்.

கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். முகத்தில் தேன் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு. இலைகள் பொன்னிறம். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

"ரொம்ப அழகா இருக்கு மாமா" என்றாள். அடுத்த நொடியே, "ஆனா இது நான் இல்ல. அம்மா வெள்ள பூசுது, நீங்க மஞ்ச பூசுறீங்க" என்றாள்.

கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு கொசுக்கடிக்குப் பிறகா என்று. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தபோது அவள் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. படம் அழகாகத்தான் இருந்தது. அந்த மினுமினுப்பில் அவள் சாயல்தான் எங்கோ மறைந்து போயிருந்தது.

பழுத்த கண்ணாடி புற ஊதா வெளிச்சம் பட்டால் மெல்லத் தெளியும். வெயிலில் வைத்தாலும் தெளியும், ஆனால் வேறொரு லென்ஸைச் சன்னலில் வைத்துத் திரைச்சீலை கருகி ஓட்டை விழுந்ததிலிருந்து எங்கள் வீட்டில் லென்ஸுக்கு வெயில் காட்டத் தடை. மருமகள் கடையில் நகச் சாயம் காய வைக்கும் சின்ன விளக்குப் பெட்டி ஒன்று இருந்தது. கையை உள்ளே விட்டால் ஊதா நிறத்தில் எரியும், நகம் காயும் நேரத்தில் தானே அணைந்துவிடும். லென்ஸைக் கொண்டுபோய் அதற்குள் வைத்தேன்.

"என்ன மாமா, கண்ணாடிக்கும் வெள்ளையாக்குற வைத்தியமா?"

"வெள்ளையாக்கல மா. முன்ன இருந்த மாதிரி ஆக்குறேன்."

"அதத்தான் எல்லா கிரீம் டப்பாலயும் எழுதியிருக்கான்."

விளக்கு அணைய அணைய அவள்தான் போகும்போதும் வரும்போதும் பொத்தானை அழுத்தினாள். வாடிக்கைக்கு வந்த பெண்கள் என்ன இது என்று கேட்டால், மாமா லென்ஸுக்கு ஃபேஷியல் என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். வாரக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. நான் அவ்வப்போது போய் ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்ப்பேன். தேயிலைச் சாயம் பாலாடை நிறமாகி, ஒருநாள் வெறும் கண்ணாடியாகிவிட்டது.

இந்த முறை மரம் வேண்டாம், சேலை வேண்டாம் என்றாள். கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போடும் சட்டையோடு, கூந்தலைக் கிளிப்பில் தூக்கிச் செருகியபடி உட்கார்ந்தாள். மத்தியானம் கடை முன் நடைபாதையான அஞ்சடியிலிருந்து வெளிச்சம் சாய்வாக வந்தது. நான் லென்ஸை மெல்லத் திருகித் திருகி அவள் கண்ணில் நிறுத்தினேன். பழைய கண்ணாடிக்கு ஒரு நல்ல குணம், நிழலை இருட்டடிக்காது, வெளிச்சத்தைப் பளீரென்று தூக்காது. கறுப்பு கறுப்பாகவே விழுந்தது. கன்ன மேட்டில் கொஞ்சம் ஒளி, கண்ணுக்குக் கீழே வேலைக் களைப்பு, மேலுதட்டில் சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்த வடு.

திரையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "ஆ, இவதான்" என்றாள். சமீபத்தில் என் வேலைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

அக்காவுக்கு அனுப்பினேன். நல்லா இருக்கு தம்பி என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு மறுபடியும் நல்லா இருக்கு என்றாள். அக்கா ஒன்றை இரண்டு முறை நல்லா இருக்கு என்றால் அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இருந்த அலுப்பில் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு ஆயர் தாவாரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகத் தரகர் அம்மா சொன்னார். படம் பிடித்துவிட்டதாம், ஜாதகமும் பொருந்திவிட்டதாம். மருமகள் முகத்தில் அன்றைக்கு ஒரு நிம்மதி இருந்தது. "என்னப் பாத்துட்டுதான் வராங்க மாமா" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரு முகூர்த்தம் இருந்தது. அதை முடித்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. அக்கா கேசரியைக் கிளறிக்கொண்டே, "பசியாறினியா தம்பி?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், "அவ தட்ட நீட்டுறப்ப ஒரு படம் எடுத்துடு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சா ஆல்பத்துல மொதப் படம் அதான்" என்றாள்.

கல்யாணத்துக்கு எடுத்துப்போன கேமராச் சாமான்களைக் காடியிலிருந்து, நாங்கள் காரை அப்படித்தான் சொல்வோம், மறுபடி இறக்க எனக்குத் தெம்பில்லை. தோள்பையில் என் சின்னக் கேமரா இருந்தது, அதில் ரஷ்ய லென்ஸ் மாட்டியிருந்தது. அதுவே போதும் என்று எடுத்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, கல்யாணமான அவருடைய அக்கா. மாப்பிள்ளை சாதுவான ஆள், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்றேன். என் அக்கா சோஃபா ஓரத்தில், சாமி அறை வாசலில் நின்றாள். மருமகள் பச்சைச் சேலையில், அளவான பவுடரோடு, தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் அவள் குனிந்தபோது நான் கேமராவைத் தூக்கினேன். அவள் எனக்குக் கிட்டத்தில், பக்கவாட்டில் இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் சோஃபா. வாரக்கணக்கில் ஜப்பான்காரனோடு பழகிய விரல் அவனைத் திருகும் பக்கமே திருகியது. மருமகள் கரைந்து போனாள். அவளுக்குப் பின்னால் இருந்த அந்த அம்மாவின் முகம் கத்திபோல் தெளிவாக எழுந்து நின்றது. விரல் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டது. சட்டென்று சரிசெய்துகொண்டு இன்னும் சில படங்கள் எடுத்தேன். அவை நன்றாகவே வந்தன.

மாப்பிள்ளையின் அக்கா மடியிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மறுபடி கைப்பேசியைப் பார்த்தார். நான் கேசரித் தட்டை அவர்கள் முன் வைக்கக் குனிந்தபோது என் கண்ணிலும் அது பட்டது. நான் எடுத்த படம்தான். கண்ணாடிக் கதவு, சாய்வான வெளிச்சம், கூந்தலைத் தூக்கிச் செருகிய கிளிப், எல்லாம் நான் எடுத்தவை. முகம் மட்டும் வெள்ளை மாவு. கழுத்தைக்கூட மறக்காமல் வெளுத்திருந்தது.

கோபம் எனக்குத் தலைக்கேறியது. என் அக்காவைப் பார்த்தேன், அவள் என் பக்கம் திரும்பவில்லை. மருமகளும் அந்தத் திரையைப் பார்த்துவிட்டாள் என்பது அவள் தட்டை வைத்த விதத்தில் தெரிந்தது. மெதுவாக, சத்தமே வராமல் வைத்தாள். அவர்கள் கேசரியைப் புகழ்ந்தார்கள், தாமானில் வெள்ளம் வருமா என்று விசாரித்தார்கள், ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடமும் காட்டிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பொருந்தியிருந்த ஜாதகம் அந்த வாரத்திலேயே பொருந்தாமல் போய்விட்டது.

அவர்கள் காடி திரும்பியதும் கேட்டேன். "ஏன்கா இப்படிப் பண்ண?"

"உனக்கென்னா, சொல்லிட்டுப் போயிடுவ" என்று அக்கா சீறினாள். "படத்தப் பாத்தே வேணாம்னுட்டா, இவ எப்பேர்ப்பட்ட பொண்ணுன்னு யாருக்குத் தெரியப் போவுது? வீட்டுக்கு வந்தா பேசுவாங்க, பழகுவாங்க, கொணம் தெரியும். வாசல் வரைக்கும் வர வைக்கத்தான்லா பண்ணேன். அதுக்கப்புறம் சாமி விட்ட வழி."

அவள் கணக்கிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். மருமகள் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கல்யாணப் படங்களைத் தொட மனமில்லாமல் அந்தச் சின்னக் கேமராவில் இருந்ததைக் கணினியில் ஏற்றினேன். ஃபோகஸ் தவறிய படம்தான் முதலில் வந்தது. கிட்டத்தில் பச்சையும் கறுப்புமாக ஒரு மங்கல், அதுதான் மருமகளின் தோளும் கன்னமும். அதற்குப் பின்னால், நடுவில், அந்த அம்மா. உதட்டில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் அந்தச் சிரிப்போடு இல்லை. இத்தனை வருடம் கேமராவைத் தூக்கியிருக்கிறேன், எப்போதும் பெண் பக்கம்தான் திருப்பியிருக்கிறேன். பெண்ணைப் பார்க்கிறவர்கள் பக்கம் ஒருமுறைகூடத் திருப்பியதில்லை.

அழிக்கலாம் என்று கையைக் கொண்டுபோனபோதுதான் ஓரத்தைப் பார்த்தேன். மாலை போட்ட அத்தானின் படம், சுவர்க் கடிகாரம், சாமி அறைக் கதவு எல்லாம் ரஷ்யாக்காரனின் சுழலில் வளைந்து கிடந்தன. அதற்குள் அக்கா நின்றாள். மங்கலாகத்தான், ஆனால் முகம் தெரிந்தது. இரண்டு கையையும் வயிற்றோடு கோத்துக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேண்டீனில் மேலதிகாரி முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது எதிரே நிற்பவள்போல் நின்றாள்.

அன்று மத்தியானம் மருமகள் வந்தாள். முந்தின நாள் காலையில் அவள் அலங்காரம் செய்த மணப்பெண்ணின் படங்களைத் தன் கடையின் இணையப் பக்கத்தில் போட வேண்டியிருந்தது. நான் மூடுவதற்குள் திரையைப் பார்த்துவிட்டாள்.

"ஃபோகஸ் தப்பிடுச்சு மா. நீ தெரியல. அழிச்சிடுறேன்" என்றேன்.

"நான் தெரியாட்டி பரவால்ல, இருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இதான் மாமா. நான் சொன்னேன்ல, ஒரு செகண்டு. இதேதான். எப்படி மாமா புடிச்சீங்க?"

புடிக்கல, தவறிப்போய் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவள் கேட்டமாதிரி தெரியவில்லை. அவள் விரல் திரையின் நடுவிலிருந்து மெல்ல ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"அவங்க மூஞ்சி எனக்குப் பழகிடுச்சு மாமா" என்றாள். "அத்தன பேருக்கு மேக்கப் போட்ட எனக்கா தெரியாது, சனங்க எதப் பாக்குறாங்கன்னு? அவங்க மாறுனதும் அடுத்ததா அம்மா மூஞ்சி இப்படி ஆவும். தட்ட வச்சிக்கிட்டு நான் நிமிந்தா நேரா அதுதான் தெரியும். அதுதான் இன்னும் பழகல."

சொல்லிவிட்டு அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பிரிண்ட் போட்டுக் கொடுக்கச் சொன்னாள், அம்மாவிடம் காட்ட வேண்டும் என்றாள். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லிக் கேட்கும் பெண் இல்லை அவள்.

அக்கா வேலை முடிந்து வந்து, குளித்து, விளக்கேற்றிய பிறகு மகள் அந்தப் படத்தை அவள் கையில் கொடுத்தாள். நானும் கூட இருந்தேன், இருக்கச் சொல்லியிருந்தாள். அக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பாத்தியா இவள! கேசரி நல்லாருக்கு, கேசரி நல்லாருக்குன்னுட்டு, மூஞ்ச எப்படி வச்சிருக்கா பாரு" என்று அந்த அம்மாவைத் திட்ட ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே படத்தைச் சாய்த்துப் பிடித்தாள். "இந்த மூலைல நிக்குறது யாரு? தரகரம்மா அன்னிக்கி வரலியே."

"நீதாம்மா" என்றாள் மகள்.

அக்கா படத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். அவளுடைய சேலை, அவளுடைய வாசல், அவளுடைய கணவர் படம். வெகுநேரம் பார்த்துவிட்டு மகளை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்.

"தம்பி, நான் இப்படியா நிக்குறேன்?"

லென்ஸ் பழசுக்கா, ஓரமெல்லாம் கொஞ்சம் கோணலாத்தான் காட்டும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எத்தனை திங்கட்கிழமைகள் எத்தனை பேருக்கு எதையெல்லாம் சரிசெய்து கொடுத்திருக்கிறேன், அன்றைக்கு என்னால் முடியவில்லை. அக்கா படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "டீத்தண்ணி கலக்கவா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அடுத்த வாரம் போனபோது படம் நிமிர்ந்த நிலையில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. தரகர் அம்மாவின் அழைப்பு வந்தபோது அக்கா கேண்டீன் குரலில் பேசுவதைக் கேட்டேன். "படம்லாம் வேணாங்க. பொண்ணு இங்கதான் இருக்கு, கறுப்பாத்தான் இருக்கும், பாக்கணும்னா வரச் சொல்லுங்க." அதற்கப்புறம் பல மாதம் யாரும் வரவில்லை. அந்த மாதங்களில் அக்காவுக்கு இரத்த அழுத்தம் ஏறி இறங்கியது. மகள் வழக்கம்போல் அடுத்தவர்களின் கல்யாணத்துக்குப் போய் வந்தாள், நானும்தான். படத்தை இந்த அளவுக்குக் கறாராக மறுக்க வேண்டுமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

போன மாதம் பாகான் டத்தோவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காடியின் பின்பக்கத்தில் இளநீர்க் குலை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். என்னையும் அக்கா கூப்பிட்டிருந்தாள், படம் எடுக்கச் சொல்லவில்லை. என் கேமரா காடிக்குள்ளேயே கிடந்தது.

வெளிக்கேட்டைத் திறந்தது மருமகள்தான். வாங்க என்று சொல்லி, இளநீர்க் குலையைத் தூக்க ஒரு கை கொடுத்து, அவர்களோடு ஹாலுக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். டீத் தட்டை அக்கா எடுத்து வந்தாள். மேசையில் வைத்துவிட்டுச் சாமி அறை வாசலுக்குப் போகாமல் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வந்தவர்கள் அப்புறம் என்ன சொல்வார்கள் என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். அவர்கள் முகம் அன்றைக்கு மாறியதா என்று மனைவி வீட்டில் கேட்டாள், நான் கவனிக்கவில்லை. அக்காவைக் கேட்டாலும் தெரிந்திருக்காது. அவர்கள் இருந்த நேரம் முழுக்க அவள் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.